காட்டா கன்னியப்பனின் பத்தியம்

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதல் வாரம் உங்களிடம் எடை மெஷினைத்தான் தள்ளிவிட்டிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஆளை ஏற்று, முள்ளைப் பார், சார்ட்டில் எழுது, அடுத்த கட்டிலுக்கு நகரு. இதற்கு மூன்று வருஷம் நர்சிங் படிக்க வேண்டுமா என்று நான் முனகியிருக்கிறேன். நீங்களும் முனகுவீர்கள். தாராளமாக முனகுங்கள், இதைப் படித்து முடித்துவிட்டு.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜரி வார்டில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். இப்போது சித்தூரில், வீட்டில், சும்மா இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். காயத்துக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்று இங்கே எழுதப் போவதில்லை. அதை உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். என் கை பெரிதாகத் தப்புச் செய்ததில்லை, அந்தப் பெருமை எனக்கு உண்டு. தப்புச் செய்தது என் வாய். அந்த ஒரு தப்பைத்தான் எழுத வந்தேன்.

கன்னியப்பன் அண்ணன் வயிற்றில் கேன்சர் என்று எங்கள் வார்டில் சேர்ந்தவர். ஐம்பத்தெட்டு வயது, பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் எடை போடுபவர். அந்தப் பக்கத்தில் தராசைக் காட்டா என்பார்கள், அதனால் ஊரில் அவர் பெயரே காட்டா கன்னியப்பன். வந்த அன்றைக்கே என்னோடு சண்டை. மெஷின் மேல் ஏறச் சொன்னால் ஏறவில்லை. குனிந்து அதன் பக்கவாட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இன்னாண்ணா தேடறீங்க?" என்றேன். அவர் பேச்சைக் கேட்டதும் எனக்கும் எங்கள் ஊர் குடிபாலாவின் தமிழ் தன்னால் வந்துவிட்டது.

"இதுக்கு முத்திர எப்பம்மா போட்டது?"

"முத்திரையா?"

"வருஷா வருஷம் கவுருமெண்ட் ஆள் வந்து காட்டாவ சோதிச்சி முத்திர போடணும் சிஸ்டரம்மா. மாங்காவுக்கே போடறாங்க. மனுஷனுக்கு வேணாமா?"

எனக்குக் கோபம் வந்தது. முன்கோபம் எனக்குப் பிறவியிலேயே உண்டு, வார்டில் எல்லோருக்கும் தெரியும். வேலை கிடக்கிறது, பேசாமல் ஏறுங்கள் என்றேன். அவரா கேட்பார்? மூலையில் சீல் பிரிக்காமல் இருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தன் மனைவியை விட்டு மெஷின் மேல் தூக்கி வைக்கச் சொன்னார். கேனின் எடையைத் தன் மனசிலேயே கழித்தார். மெஷின் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டியது. வார்டே சிரித்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதைச் சரி செய்த பிறகுதான் மனுஷன் ஏறி நின்றார். தொண்ணூற்றிரண்டு கிலோ.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றப் போனால், அவருடைய இடது புஜத்தில் கறுப்புக் கயிற்றில் கோர்த்த ஒரு தாயத்து இருந்தது. கயிறு சதைக்குள் பதிந்து, தோலில் வரி விழுந்திருந்தது. நகர்த்தப் பார்த்தேன், அசையவில்லை. வேறு வழியில்லாமல் வலது கையில் பார்த்தேன். இந்தத் தாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பே நாலு மாசத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் இளைத்திருந்தார். பருமனான ஆள் என்பதால் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. "ஜிம்முக்குப் போறியா மாமான்னு மண்டில கிண்டல் பண்ணானுங்க. எனக்கும் ரவ சந்தோசமாத்தான் இருந்திச்சி" என்றார். அவர் மனைவி தேசம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. தட்டில் சோறு மிச்சம் வைக்காத மனுஷன் மிச்சம் வைக்கிறாரே என்று, அவள்தான் இழுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு சேர்த்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றில் கொழுப்பு அதிகம், தையலைத் தினமும் நீயே பார் என்றார். கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே ஈரம் தங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கூடவே மனசுக்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். 'நல்ல உடம்பு, கொஞ்ச நாள் சாப்பாடு குறைந்தாலும் தாங்கும்' என்பதுதான் அது. பருமனான ஆளுக்குச் சத்துக் குறையாது என்று நானும் நம்பினேன். நீங்கள் நம்பாதீர்கள்.

ஆறாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் குழைத்த பருப்புச் சாதம் வந்தது. நாலு ஸ்பூன் சாப்பிட்டார். ஏழாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தால் தையலில் சீழ். நாலைந்து தையலைப் பிரித்துவிட்டுச் சுத்தம் செய்தோம். தொப்புளுக்கு மேலே என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் திறந்துகொண்டது. உள்ளே போட்ட தையல்கள் கெட்டியாக இருந்தன, அதுவரை புண்ணியம். இனி அந்தப் பள்ளம் அடியிலிருந்து சதை வளர்ந்து தானாகத்தான் மூட வேண்டும்.

பெரிய டாக்டர் தம்பதி இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். ஆபரேஷன் பாதி வேலைதான். மிச்சம் மீதி இருக்கிற நோய்க்கு மருந்து ஏற்ற வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் தொடங்கினால் நல்லது, ரொம்பத் தள்ளினால் பலன் குறையும். காயம் திறந்திருக்கும்போது ஏற்றினால் ஆளையே சாய்த்துவிடும். ஆகவே காயம் மூட வேண்டும், அதுவும் சீக்கிரம்.

தினமும் பங்காருபாளையத்திலிருந்து வந்து போக முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கினார்கள். டிஸ்சார்ஜ் அன்று தேசம்மா என்னிடம் வந்தாள்.

"சிஸ்டரம்மா, சாப்பாட்டுக்கு இன்னா பண்ணட்டும்? கரெக்டா சொல்லு, தப்பாம செய்யறேன்."

கரெக்டாகச் சொல்லு என்றுதான் கேட்டாள். எனக்கோ மூன்று அட்மிஷன், ஒருத்தருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உணவுத் தாளைக் கையில் திணித்தேன். அதில் தெலுங்கும் இங்கிலீஷும் இருந்தன, அவளுக்குப் படிக்க வருமா என்று கேட்கவில்லை. போகிற போக்கில், "கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேள குடு. இனிப்பு வேணாம், தலை சுத்தும். நல்லா பத்தியமா பாத்துக்கோ" என்றேன். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரும் அவர் பங்குக்கு, "பத்யம் ஜாக்ரத்தம்மா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். தேசம்மா இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டாள்.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு வருவார்கள். தேசம்மா கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருவாள், அவர் மட்டும் உள்ளே வருவார். முதலில் எடை, பிறகு கட்டு. காயத்தில் சீழ் நின்றுவிட்டது, சுத்தமாக இருந்தது. ஆனால் மூடவில்லை. நல்ல காயம் அடியில் சிவந்து, ஈரமாக, பொரிபொரியாக வளர்ந்து வரும். இது வெளுத்துப் போய், நேற்று பார்த்தது போலவே இன்றைக்கும் இருந்தது. மருந்தை மாற்றினோம். கட்டு முறையை மாற்றினோம். கல்ச்சர் அனுப்பினோம், கிருமி ஒன்றும் வளரவில்லை. சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது.

எடை மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று எண்பத்தெட்டு. பத்து நாள் கழித்து எண்பத்தொன்பது. பிறகு தொண்ணூறு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோரும் கிலோ கிலோவாக இறங்குவார்கள், இவர் ஏறுகிறாரே என்று சார்ட்டில் எழுதும்போது எனக்கு ஒரு பெருமிதம்கூட. அன்றைக்கு அவர் மெஷினை விட்டு இறங்காமலே சொன்னார்.

"எட பொய் சொல்லுது சிஸ்டரம்மா."

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. நீங்க சோதிச்ச மெஷின்தான் இது."

"மெஷின் சரிதான். எடதான் பொய்யி." வயிற்றில் கையை அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். "மழ பேஞ்ச மறுநா மண்டிக்குக் காய் வரும் பாரு, காட்டால வெச்சா நல்லா இழுக்கும். ரெண்டு நா செட்டுல கொட்டி வெச்சா எறங்கிப்பூடும். ஏன்னா அது காயோட எட இல்ல, தண்ணியோட எட. எனக்கு இன்னாமோ அப்டித்தான் தோணுது. உடம்புல தெம்பே இல்ல, எட மட்டும் ஏறிக்கினு போவுது."

"நீங்க மாங்கா இல்லண்ணா, மனுஷன். படுங்க, கட்டைப் பிரிக்கணும்" என்றேன். அவரும் சிரித்தார்.

முப்பது வருஷம் எடை ஒன்றையே பார்த்த ஆள், எடையைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் சொல்கிறார். அதை நான் ஜோக்காக்கித் தள்ளிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் உள்ளே கூப்பிட வந்தேன். அவருடைய முழங்கை மடிப்பில் கறுப்பாக ஏதோ கிடந்தது. தேசம்மா தன் போக்கில் அதைப் பிடித்து மேலே தள்ளினாள். கையை எடுத்ததும் அது மறுபடி சரிந்து முழங்கைக்கு வந்தது. தாயத்து! அன்றைக்கு என் விரல் நுழையாதபடி பதிந்திருந்த கயிறு, இப்போது வளையல் மாதிரி ஆடுகிறது. தொண்ணூற்றிரண்டு கிலோவில் பதிந்தது தொண்ணூறு கிலோவில் எப்படி இவ்வளவு தளரும்?

நின்ற இடத்திலேயே குனிந்து அவர் வேட்டியை விலக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தினேன். எடுத்தேன். குழி விழுந்தது, மேலே எழும்பவில்லை. பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் வாய்க்கால் மாதிரி இருந்தது. கை, தோள், கன்னம் எல்லாம் கரைந்துவிட்டன. கரைந்ததைத் தண்ணீர் வந்து கீழே ஈடுகட்டியிருக்கிறது. உடம்பில் புரதம் தீர்ந்தால் இப்படித்தான் நீர் கோர்க்கும், சதை வளர்க்கவும் சரக்கு இருக்காது. கட்டு மருந்தை எத்தனை மாற்றினால் என்ன?

"தேசம்மா, நேத்து காலைல இருந்து இவருக்கு இன்னா இன்னா குடுத்தே? ஒண்ணு விடாம சொல்லு."

இந்தக் கேள்வியை அத்தனை நாளில் அன்றைக்குத்தான் கேட்டேன். "சாப்பிட்டாரா?" என்று தினமும் கேட்டேன். "ஆறு வேள துன்றாரு" என்று அவளும் தினமும் பதில் சொன்னாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

"காலைல நொய்க் கஞ்சி. அப்பால மொளகு ரசம் உட்டு ரவ சோறு. பத்தியக் கொழம்பு, சுண்டவத்தல் போட்டது. சாய்ந்தரம் மறுபடி கஞ்சி. ஆறு வேளையும் இதையேதான் மாத்தி மாத்தி குடுக்கறேன். அவ்ளோதான்."

"முட்டை?"

"அய்யய்யோ!"

"பருப்பு, தயிர், மீனு?"

"இன்னா சிஸ்டரம்மா இப்டி கேக்கற? காயத்தோட கீற ஆளுக்குப் பருப்பு குடுத்தா சீ வெக்காதா? தயிரு குளிர்ச்சி. மீனு, முட்ட பேச்சே எடுக்கல. நீதான பத்தியமா பாத்துக்கோன்னு சொன்ன? டாக்டரும் சொன்னாரு. ஒரு வேளகூட நான் தப்பல."

பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் எழுதுகிறேன். நான் கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஒரு மனுஷனைப் பட்டினி போட்டு வைத்திருக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். தேசம்மா எழுந்து நின்று, அழாமல், என் முகத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்கும் முகம் ஒட்டிப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கன்னியப்பன் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "அவள ஒண்ணும் சொல்லாத சிஸ்டரம்மா. அவளும் அதையேதான் துன்றா. என் கண்ணு எதுர பருப்பு துன்ன மாட்டேன்னு, எனக்கு வெச்ச கஞ்சியவே குடிச்சிக்கினு கீறா."

பத்தியம் என்ற சொல் எனக்குத் தெரியாத சொல்லா? என் இரண்டு பிரசவத்துக்கும் என் அம்மா பூண்டுக் குழம்பும் ரசமுமாகப் போட்டு நாற்பது நாள் என்னைப் பத்தியத்தில் வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டதும் அந்தச் சொல்லுக்குப் புது அர்த்தம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். 'பார்த்துச் சாப்பிடு' என்று நான் சொன்னதாக எனக்கு நினைப்பு. 'எல்லாவற்றையும் நிறுத்து' என்றுதான் அவள் காதில் விழுந்தது.

நேராகப் பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். என்னால்தான் சார், நான்தான் பத்தியம் என்று சொன்னேன் என்றேன். அவர் கோபக்காரர், கையிலிருக்கும் ஃபைலை எறிவார் என்று பேர். அன்றைக்கு எறியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அதே வார்த்தையைத்தானே சொன்னேன்" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தோம், புரதம் தரைமட்டத்தில் இருந்தது. பத்து நாள் பார்ப்போம் என்றார். அதற்குள் காயத்தில் சிவப்புத் தெரியவில்லை என்றால் மறுபடி அட்மிட் செய்து, குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டும். மருந்து ஏற்றும் நாள் எங்கேயோ போய்விடும்.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது எப்படி? மறுநாள் தேசம்மாவிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன், முட்டை கொடு, பருப்பு கொடு என்று. தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலைப் பார்த்தாலே தெரிந்தது, கொடுக்க மாட்டாள். பிறகு அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில பருப்பு சோறு துன்னாரு. மறுநா சீ வந்துச்சா இல்லியா? கட்டெல்லாம் சீயா இருந்தத நான் கண்ணால பாத்தனே, எப்டி இல்லன்றது?"

அவள் முட்டாள் இல்லை, பிள்ளைகளே. கண்ணால் பார்த்ததைக் கணக்குப் போட்டிருக்கிறாள். நாமும் வார்டில் தினமும் அதைத்தான் செய்கிறோம்.

அன்று மத்தியானம் என் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ரூமுக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மூலையில் பாத்திரங்கள். சுவரில் ஒரு மாதக் காலண்டர். அதில் ஒவ்வொரு தேதியின் மேலும் குங்குமத்தால் ஒரு பொட்டு. இது என்ன என்று கேட்டேன். பத்தியம் தப்பாமல் முடிந்த நாளுக்கு ஒரு பொட்டாம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் தப்பாமல் இருந்தால் காயம் மூடிவிடும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. எங்கள் வார்டில் ஒரு நர்ஸ்கூட இப்படி ஒரு நாள் விடாமல் சார்ட் எழுதியதில்லை, நான் உட்பட. இவளிடம் போய்ப் பத்தியத்தை விடு என்கிறேனே!

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "தேசம்மா, நீ வெச்சது வயித்துக்குப் பத்தியம். வயிறு ஆறிப்போச்சு, அது முடிஞ்சிது. இனிமே காயத்துக்குப் பத்தியம். இது அதவிட கஷ்டம். செய்வியா?"

இதில் கொஞ்சம் பொய் கலந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லு."

"காலைல ஏழு மணிக்கு ஒரு முட்டை, வெந்தது. ஒம்போதுக்கு ரெண்டு இட்லி, கெட்டிப் பருப்போட. பதினொண்ணுக்குத் தயிர். ஒரு மணிக்கு மீனோ கோழியோ, முள்ளு எலும்பு எடுத்துட்டு, கொழயக் கொழய. நாலுக்குச் சுண்டல் மசிச்சு. ராத்திரி மறுபடி முட்டையும் சோறும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு வேள தப்பினாலும் பத்தியம் முறிஞ்சிடும்."

"பருப்பால சீ வந்துதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் படுத்திருந்த கன்னியப்பன் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "இருடி. அன்னிக்கு எனக்குக் காலைலயே குளுரிச்சே, கம்பளி குடுன்னு கேட்டனே. பருப்பு மத்தியானந்தான வந்துச்சி? லோடு வர்றதுக்கு முன்னாடியே காட்டா எறங்குமா?"

தேசம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆமாம், கம்பளி கொடுத்தது காலையில்தான். சார்ட்டிலும் காய்ச்சல் காலையில்தான் பதிவாகியிருந்தது, நான்தான் பொருத்திப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "காயத்த எனக்குக் காட்டு. தெனமும் நான் பாக்கணும். சீ வந்திச்சின்னா அன்னியோட நிறுத்திப்புடுவேன்."

சரி என்றேன். மறுநாள் முதல் அவளைக் கட்டுப் போடும் அறைக்குள்ளே கூட்டிவந்தேன். அத்தனை நாள் கதவுக்கு வெளியே வைத்திருந்தது என் இரண்டாவது தப்பு. யாருக்காக உயிரைக் கொடுத்துச் சமைக்கிறாளோ, அந்தக் காயத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல் நாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் டார்ச்சை அவளே வாங்கி அடித்தாள். மூன்று, நாலு, ஒரு மாற்றமும் இல்லை. சீழும் வரவில்லை.

ஐந்தாம் நாள் எடை குறைந்தது. எண்பத்தொன்பது. ஆறாம் நாள் எண்பத்தேழரை. டியூட்டியில் இருந்த புதுப் பெண் பயந்துபோய்ச் சிவப்பு மையில் கோடு போட்டு என்னிடம் ஓடிவந்தாள். தேசம்மாவோ தலையில் கை வைத்துக்கொண்டாள். "முட்ட துன்னு துன்னு எட எறங்குதே! கஞ்சி குடிச்சப்பகூட ஏறிச்சே, அடப்பாவி!"

கன்னியப்பன் அண்ணன் மெஷின் மேல் நின்றுகொண்டே சிரித்தார், காயம் இழுக்காமல் இருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கால பாருடி. செருப்பு லூசாயிடிச்சி. தண்ணி வடியுது, அவ்ளோதான். தண்ணி வடிஞ்சப்புறம் நிக்கற எடதான் நிஜம்." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா சிஸ்டரம்மா, நான் மாங்கா இல்லியா?" என்றார்.

"மாங்காதான்ணா, நீங்க சொன்னதுதான் சரி" என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டேன்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்ததும் தேசம்மா டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். "செவப்பா கீது" என்றாள். இன்னும் குனிந்து, "அடில, இங்க பாரு, பொரிபொரியா கீது. சத வர்துதான சிஸ்டரம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள், டார்ச்சைக் கீழே வைக்காமலே. எனக்கும் கண் கலங்கிற்று. கட்டுப் போடும் சாக்கில் குனிந்து தப்பித்தேன்.

பத்தாம் நாள் பெரிய டாக்டர் பார்த்துவிட்டுக் குழாய் வேண்டாம் என்றார். எடை எண்பத்து மூன்று வரை இறங்கி, நின்று, பிறகு மெதுவாக நிஜமாகவே ஏறத் தொடங்கியது. காயம் ஒரு கோடாகச் சுருங்கி மூடியது. ஆறு வாரத்தில் தொடங்க வேண்டிய மருந்து எட்டாவது வாரத்தில் தொடங்கியது. அந்த இரண்டு வாரத் தாமதம் என் வாயால் வந்தது, அதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு சட்டம் வந்தது. யார் வாயிலாவது பத்தியம் என்று வந்தால், அவர்கள் அன்றைக்கு வார்டுக்கே முட்டை அவித்துக் கொண்டுவர வேண்டும். அதிகம் கொண்டுவந்தவர் பெரிய டாக்டர்தான்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இன்னும் முழுதாகத் திருந்தவில்லை.

போன வருஷம் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் நடந்தது. சிக்கல் ஆகி, வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள், என் மருமகள் தட்டு வைத்தாள். ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பருப்பு இருந்தது, நான்தான் அதை இடக்கையால் தள்ளி வைத்திருந்தேன். ஏன் தள்ளினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. புண் ஆறட்டும் என்று கை தானாகச் செய்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் சத்தம். என் ஆபரேஷனைக் கேள்விப்பட்டு, பங்காருபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள், இரண்டு பேரும். ஆபரேஷன் முடிந்து ஆறு வருஷம் ஆன கன்னியப்பன் அண்ணன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். தாயத்து அதன் பழைய இடத்தில் இருந்தது, பதிந்து. உட்காரும் முன்பே "எட இன்னா இப்ப?" என்று விசாரித்தார். பார்க்கவில்லை என்றேன். "நர்சம்மா வூட்லயே காட்டா இல்லியா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தேசம்மா என் தட்டைப் பார்த்தாள். தள்ளி வைத்த பருப்புக் கிண்ணத்தைப் பார்த்தாள். பையிலிருந்து தூக்குவாளியை எடுத்து, அவித்துக் கொண்டுவந்த முட்டை ஒன்றைச் சுவரில் தட்டி உரித்தாள். பருப்பைச் சோற்றில் கொட்டி, முட்டையை மேலே வைத்து, தட்டை என் மடிக்கு நகர்த்தினாள். பிறகு என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"துன்னு சிஸ்டரம்மா. பத்தியம் தப்பக் கூடாது."

கடைசிப் பருக்கை வரை அவள் எழுந்திருக்கவில்லை. நான் முழுவதும் சாப்பிட்டேன்.